இரண்டு விரலுக்கு ஒப்பாரி

என் மாமா உயிரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒப்பாரி வைத்தவள் என் அத்தை. அதுவும் வீட்டில் இல்லை, ஒரகடத்தில் அவர் வேலை பார்த்த கார் கதவுத் தொழிற்சாலையின் வாசலில். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன்.

மாமா அங்கே பிரஸ் மெஷினில் கான்ட்ராக்ட் ஆள். மெஷின் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. கம்பெனியோ, லீவு நாளில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று எழுதி, வேலையை விட்டும் அனுப்பிவிட்டது. உள்ளே மெஷினில்தான் அடிபட்டது என்று ஒரு காகிதம் தராவிட்டால் ஈ.எஸ்.ஐ.யில் பென்ஷன் கிடையாது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு காகிதம்தான்.

வாசலில் உட்கார ஐந்து பேருக்கு அனுமதி தந்தது போலீஸ். மைக் கூடாது, கோஷம் கூடாது, பேச்சும் கூடாது. அத்தை எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். எங்கள் சேரப்பணஞ்சேரியில் பெரிய வெள்ளியன்று மாதாவின் புலம்பலைப் பாடுகிறவள் அவள். அவள் ஆரம்பித்தால் சாமியாரே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவள் மனத்தில் என்ன இருந்தது என்பது கிளம்புகிற அன்று காலையில்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

அம்மா கொதித்துப்போனாள். "உசுரோட கீற மனுசனுக்கு யாராவது ஒப்பாரி வெப்பாங்களாடி? உன் வாயில நல்லதே வராதா?"

மாமா சிரித்தார். "வுடுக்கா. செத்தப்புறம் நான் கேக்கவா போறேன்? இப்பவே கேட்டுக்கறேன்."

அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே வர, என்னையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துச் சரியாக ஐந்து பேர் போனோம். மதிய ஷிப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அத்தை கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்து விட்டு, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கினாள்.

"சக்கரத் தண்ணி தொட்டு வச்ச ஆள்காட்டி வெரலே – நீ
செத்து வுழுந்தது எந்த மிஷின் வாயிலே?
செபமால உருட்டின நடுவெரலே – உன்ன
தேடக்கூட நேரமில்லாம லைனு ஓடுதே!"

பிறந்தவுடன் என் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்த விரல் அது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது? கோஷம் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"கோஷம் போடல சார், அழுவறேன். அழுவறதுக்கு எந்த ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கணும்?"

அதற்குள் மதிய ஷிப்ட் பெண்களின் முதல் பஸ் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரிச் சத்தம் கேட்டு வருகிற பெண் எதையும் விசாரிக்க மாட்டாள். செத்தது யார், எப்படி என்பதெல்லாம் பிறகுதான். முதலில் உட்கார்ந்து, அழுகிறவளின் தோளில் கைபோட்டு, தானும் ஒரு பாட்டு அழ வேண்டும். நடுவில் அவளை யாரும் எழுப்பக் கூடாது. நீலச் சீருடையும் சாப்பாட்டுப் பையுமாக இறங்கிய பெண்கள் அதைத்தான் செய்தார்கள். அடுத்த பஸ்ஸில் வந்தவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு இது என்ன சாவு என்றே தெரியாது. தெற்கத்திப் பெண் ஒருத்தி தன் ஊர் ராகத்தில் எதிர்ப்பாட்டு எடுத்தாள். ஷிப்ட் தொடங்கும் மணி அடித்தது, யாரும் அசையவில்லை.

"லைன் நிக்குதும்மா, உள்ள வாங்க" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். "ஒப்பாரில கீறவள எழுப்புவாங்களா சார்?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் பெண்கள் உண்டல்லவா.

வெயில் சாய்வதற்குள் காகிதம் வந்துவிட்டது, கையெழுத்தும் முத்திரையுமாக. மாமா அதை இடது கையில் வாங்கினார். அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அத்தை எழவில்லை. பக்கத்தில் சாய்ந்திருந்த நீலச் சீருடை அக்கா ஒருத்தியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு மறுபடி பாடினாள்.

"புள்ளைக்கு மை வச்ச சுண்டுவெரலே – நீ
போனதச் சொல்லாம வாயக் கட்டினது யாரு?"

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் கட்டுக்கு வெளியே அவர் சுண்டுவிரல் சவுக்கியமாக நீட்டிக்கொண்டிருந்தது. பசி வேறு. எழுந்து நின்று கத்தினேன்: "அத்த, தப்பு! மாமாவுக்கு ரெண்டு வெரல்தான் போச்சு! சுண்டுவெரல் இதோ கீதே!"

அத்தை என்னைத் திட்டவில்லை. அந்த நீலச் சீருடை அக்காதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அதுவரை துப்பட்டாவுக்குள் மூடியே வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்து, சூப்பர்வைசருக்குத் தெரியும்படி அத்தையின் மடியில் வைத்தாள். அதில் நான்கு விரல்கள்தான் இருந்தன.

அவள் விரலும் அதே தொழிற்சாலையில்தான் போயிருக்கிறது; வேலை போய்விடுமென்று வெளியே சொல்லவில்லை. மாமாவை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோதும் அவள் அந்தக் கையை மூடியே வைத்திருந்தாளாம். சுண்டுவிரல் இல்லாததை அத்தை கவனித்துவிட்டு, அன்று ஒன்றும் கேட்காமல் விட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருடங்கள் கழித்து.

அவளுக்கான இரண்டாவது காகிதம் வரும்வரை ஒருத்தியும் எழவில்லை. நானோ, பள்ளிக்கூடம் திறந்ததும், அவ்வளவு பெரிய பாட்டுக்காரியான என் அத்தைக்கு இரண்டு வரைகூட எண்ணத் தெரியாது என்றும், நான்தான் திருத்தினேன் என்றும் வகுப்பெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.