மாடியறைக்குப் போன ரேடியோ

அண்ணாமலை நகரில் குடியிருக்கும் நஜியா சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. கீழே ஹாலில் ரேடியோ, மொட்டை மாடியில் ஆன்டெனா. சாயங்காலமானால் கடலூரில் இருக்கும் ராபர்ட்டைக் கூப்பிடுவாள். "பாதி காதுல விழலக்கா" என்பார் அவர்.

ஆன்டெனாவுக்கு உயரம் போதவில்லை என்று நினைத்துக் கம்பத்தின்மேல் இன்னொரு கம்பத்தைக் கட்டினாள். ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளையும் பத்து மீட்டர் ஒட்டுப்போட்டு நீட்டினாள். அதன் பிறகு அவள் குரல் கடலூருக்கு எட்டவே இல்லை. ரேடியோவை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

பக்கத்து வீட்டு டி.வி. இணைப்பைப் பார்க்க வந்த கேபிள்காரர் சடையப்பன்தான் நஜியாவின் மாடிக்கும் வந்து அந்த ஒட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருந்தது.

"ஆன்டெனா மேல பழி போடாதம்மா. சிக்னல் வழியிலயே வீணாப் போவுது. இம்மாம் மெல்லிசு கேபிள், முப்பத்தஞ்சு மீட்டரு, நடுவுல தண்ணி வேற."

"டி.வி. கேபிள் போட்டுக்கலாமா அண்ணே?"

"அது வேற ரகம். உன் செட்டுக்குன்னு தடி கேபிள் இருக்கும், அத வாங்கு. செட்டையும் மேல கொண்டாந்துடு."

சிக்னலின் சக்தியை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். கீழே இருபத்தைந்து வாட். மேல் முனையில் நாலு. ரேடியோ மாடிப்படி அறைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சடையப்பனே வந்து கனெக்டர்களைப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி ரப்பர் டேப் சுற்றினார். புதுத் தடி கேபிள், பன்னிரண்டு மீட்டர்தான், நடுவில் ஒட்டே இல்லை. மேல் முனையில் இருபத்தொன்று காட்டியது.

கார்த்திகையில் கொள்ளிடம் பெருகியது. குமராட்சிப் பக்கம் செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. அங்கிருந்து தன்னார்வலர் ஸ்ரீதர் கையடக்க ரேடியோவில் கூப்பிட்டார்: டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய சின்னம்மாள் என்பவர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், படகு வேண்டும். நஜியா அதைக் கடலூர் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த ராபர்ட்டுக்குச் சொன்னாள்.

"தெளிவா கேக்குதுக்கா. அனுப்பச் சொல்றேன்."

மதியத்துக்குள் படகு போய்ச் சேர்ந்தது. சின்னம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் நஜியா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு சடையப்பனை வீட்டுக்கு அழைத்தாள். "நீங்க அந்த ஒட்டப் பிரிச்சுப் பாக்கலன்னா, அந்தம்மா கதி என்னாயிருக்குமோ அண்ணே."

"கண்ணுல பட்டுச்சு, பிரிச்சேன். இதுல என்னம்மா இருக்கு."

அவள் விடவில்லை. மாடியறையில் உட்காரவைத்து ராபர்ட்டைக் கூப்பிட்டாள். "சடையப்பண்ணே, ரொம்ப நன்றி" என்றது ரேடியோ. அவர் எழுந்து நின்று அதைப் பார்த்துத் தலையாட்டினார்.