பாதி மாதத்தில் தீர்ந்துபோன வலிப்பு மாத்திரை

வைத்தியத்தில் சுலபமான வேலை மருந்து எழுதுவது. அதே மருந்தை மாதா மாதம் மறுபடி எடுத்துக் கொடுப்பவன் பாடு இருக்கிறதே, அது தனிப் பாடு. எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து மேஜைக்குப் பின்னால் நின்று வசவு வாங்கிய சகாக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காலி டப்பாதான் சீட்டு

ஏலத்தோட்டத்து ஆட்கள் மறுபடி மருந்து வேண்டுமென்றால் டாக்டர் சீட்டை அனுப்ப மாட்டார்கள். காலி டப்பாவையோ பாட்டிலையோ ஜீப் டிரைவர் மாரியப்பனிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் போடிமெட்டிலிருந்து இறங்கி வந்து, பை நிறைய இருப்பதை என் மேஜையில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். எது யாருடையது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்று இருமல் மருந்துக்கு, மற்றது மூட்டுவலித் தைலத்துக்கு. மாற்றி ஊற்றினால் யாரோ ஒருவர் தைலத்தைக் குடித்துவிடுவார். டீக்கடையிலிருந்து அவனை இழுத்து வந்தேன். இரண்டையும் மோந்து பார்த்தான். "இது குடிக்கிறது, அது தேய்க்கிறது. வெரசா ஊத்துங்கண்ணே, லோடு நிக்கிது!"

முகம் காட்டாமல் மருந்து இல்லை

எங்கள் டாக்டருக்கு ஒரு விதி உண்டு. ஒரே மருந்தை நாலைந்து தடவை கொடுத்தாகிவிட்டால், அடுத்த தடவை ஆள் நேரில் வந்தாக வேண்டும். சிலமலையில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மகனையே அனுப்பிக்கொண்டிருந்தார். விதியைச் சொல்லி வரவழைத்தோம். கருவியைக் கையில் கட்டிப் பார்த்த டாக்டர் முகம் மாறி, உடனே படுக்கச் சொல்லிவிட்டார். படுத்தவர் என்னைப் பார்த்து முறைத்தார். "வீட்ல சௌக்கியமா இருந்தேன் அப்பு. கூப்பிட்டு வச்சு நீங்கதான் என்னையச் சீக்காளி ஆக்கிட்டீக!"

பேச்சியம்மாள் வரவில்லை

பேச்சியம்மாள் மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பவள். வலிப்பு நோய் உண்டு. மாதத்துக்கு ஒரு டப்பா மாத்திரை போகும். திடீரென்று பாதி மாதத்திலேயே காலி டப்பா வர ஆரம்பித்தது. டாக்டருக்குக் கோபம். "அளவுக்கு மேல போட்டு உயிரை விடப்போறா. ஆள் வராம ஒரு மாத்திரை கிடையாது" என்றார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு கொத்தாக வருமே என்று எனக்குப் பயம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி அனுப்பினேன், நேரில் வரச் சொல்லி.

வாரம் கழிந்தது. ஆள் வரவில்லை, டப்பாவும் வரவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். சரிவில் நின்று காய் எடுப்பவள் அங்கேயே விழுந்தால் என்ன ஆவது? மாரியப்பன் மேல் எரிந்து விழுந்தேன். அவனும் விடவில்லை. "காய் எடுப்பு நேரத்துல ஒருநாள் எறங்குனாலும் கங்காணி பேரை வெட்டிருவாருண்ணே. நீங்களா சோறு போடுவீக?"

ஒரு டப்பா, இரண்டு பேர்

கடைசியில் அவனே ஒருநாள் பேச்சியம்மாளைக் கூட்டி வந்தான். நெற்றியில் பெரிய கட்டு. கூடவே அவள் தங்கை அன்னம், கல்யாணமாகாத பெண். சரிவில் வலிப்பு வந்து விழுந்த பேச்சியம்மாளைப் பக்கத்தில் நின்றவர்கள்தான் பிடித்திருக்கிறார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போட்ட?" என்று டாக்டர் கத்தினார். அன்னம்தான் அழுதுகொண்டே சொன்னாள். அன்னத்துக்கும் வலிப்பு வர ஆரம்பித்திருக்கிறது. தெரிந்தால் பேசி வைத்த சம்பந்தம் போகும். அதனால் அக்காவின் டப்பாவிலிருந்து இருவரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் அனுப்பினோமே, அதில் பேச்சியம்மாள் ஒன்றுகூடப் போடவில்லை. அத்தனையும் தங்கைக்குத்தான்.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "நிறுத்துனா உனக்கு வலிப்பு வரும்னு தெரியாதா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"எனக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும்யா, விழுந்தா ஓடிவந்து பிடிப்பாக. இவளுக்கு வர்றது யாருக்கும் தெரியாதுல்ல?"

மறுபடி மருந்து கேட்பவரை நம்பினாலும் ஆபத்து, நம்பாவிட்டாலும் ஆபத்து என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வைத்தியம்.