மூன்று மடங்கு விலை எழுதிய பார்சல்

தெருவில் அவளுக்கு ‘சீல் அக்கா’ என்று பெயர். கேஸ் சிலிண்டரோ இருமல் மருந்தோ, சீல் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். ஜன்னல் ஸ்கிரீன் தைப்பது தொழில். வாடிக்கையாளர் சொல்லும் அளவை நம்பாமல் தானே நேரில் போய் டேப் பிடித்துவிட்டு வருவாள்.

நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை புது வீட்டுக்குக் குடிபோனாள். எல்லா ஜன்னலுக்கும் அக்காவே ஸ்கிரீன் தைத்துப் பெட்டியில் அடுக்கி, பார்சல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

“உள்ள என்ன, விலை என்னன்னு எழுதுங்கம்மா. அந்த விலைக்குத்தான் இன்சூரன்ஸ். உண்மையான விலையா எழுதுங்க” என்றார் கவுண்டர்காரர்.

அவர் ‘உண்மையான’ என்று அழுத்தியது அவளை உறுத்தியது. குறைவாக எழுதினால் பெட்டியை அமுக்கிவிட்டு, சில்லறையை நஷ்டஈடாக நீட்டுவார்களோ? மூன்று மடங்கு விலையை எழுதி, அதற்கான இன்சூரன்சையும் கட்டிவிட்டுத்தான் நிம்மதியாக வீடு திரும்பினாள்.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, நீ அனுப்பினது பரிசா, பில்லா? கஸ்டம்ஸ்ல இவ்வளவு வரி கேக்கறாங்க! இவரு அந்தச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு.”

ஜன்னல் துணிக்கு வரியா? மாப்பிள்ளைக்கு ஏதோ கைமுடை, தங்கையைத் தூண்டிவிட்டுப் பணம் கறக்கிறார் என்று அக்காவுக்குப் பட்டது. வாய் சும்மா இருக்கவில்லை.

“நிஜ வரியா, இல்ல மாப்பிள்ளை போட்ட கணக்கா? அந்த வரிச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புடி.”

தங்கை போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போட்டோ மட்டும் வந்தது.

போலிச் சீட்டு என்ற நினைப்போடு கவுண்டரில் போய் நின்றாள். அவர் நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

“நிஜச் சீட்டுதாம்மா. நீங்க எழுதின விலையை வச்சுத்தான் அங்க வரி போடுவாங்க. கட்டலைன்னா பெட்டி திரும்பி வந்துடும். துணி வாங்கின பில் இருக்கா?”

பில் இல்லாமலா? ஊசி வாங்கிய ரசீதைக்கூடக் கிழிக்காதவள். பில்லோடு, கூலிக்கும் ஒரு நியாயமான தொகை சேர்த்து, விலையைத் தவறாக எழுதிவிட்டதாக அந்த ஊர் கஸ்டம்ஸுக்குக் கடிதம் அனுப்பினாள். வரி மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அதைத் தானே தருவதாகத் தங்கையிடம் சொன்னாள்.

“பணம் வேணாம். இவரைத் திருடன்னு நினைச்ச பாரு, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லு.” போன் மாப்பிள்ளை கைக்கு மாறியது.

“மாப்பிள்ளை... நான் தப்பா நினைச்சுட்டேன்.”

“விடுங்கக்கா. எங்களைச் செலவுல மாட்டிவிடத்தான் வேணும்னே விலையை ஏத்தி எழுதியிருக்கீங்கன்னு நானும் இவகிட்ட சொல்லிட்டேன்.”

“அப்படியா சொன்னீங்க?” என்று கோபமாக ஆரம்பித்தவள், பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

ஸ்கிரீன்கள் போய்ச் சேர்ந்தன. இப்போதும் அவள் பார்சல் அனுப்புகிறாள். உண்மை விலைக்குத்தான் இன்சூரன்ஸ் கட்டுகிறாள். ஆனால் பெட்டி எடை மேடையிலிருந்து இறங்கி மூட்டைக்குள் போகும்வரை, கவுண்டரை விட்டு நகர்வதில்லை.