நான் கொம்பியூட்டர் படிக்காத கதை

ஒஸ்லோவின் புறத்தே ரொம்சோஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் ஒரு காலத்தில் எனக்குப் பெரிய பெயர், கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை என்று. நான் படித்ததோ தத்துவம், வரலாறு, இலக்கியம். பகலில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, பின்னேரம் ஒஸ்லோ நகரத்தில் ஒரு மாலைநேரக் கல்லூரி.

எல்லாம் என் கணவர் பார்த்த வேலை. பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுப் பந்தியில் யாரோ, "மனிசி என்ன படிக்கிறா?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆர்ட்ஸ் என்றால் வேறொன்றும் கிடைக்காதவர்கள் படிப்பது. இரண்டு பிள்ளை பெற்றவள் அதை ஆசைப்பட்டுப் படிக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வாயில் வடையோடு, "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையே, திருத்தித் தரச் சொல்லி, பழுதான முதல் கொம்பியூட்டர்ப் பெட்டி வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தன. துவாயில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் பெட்டியைத் திறந்து தூசு தட்டுவது ஒன்றுதான். வினை என்னவென்றால், பாதிப் பெட்டிகள் அதற்கே உயிர்த்துவிட்டன. கைராசிக்காரி என்று வேறு பெயர் பரவியது.

என் கோபம் பெட்டிகள் மேலல்ல. நான் விரும்பிப் படிப்பதை அவர் ஒளித்து வைக்கிறாரே என்பதுதான் சுட்டது.

"ஒருக்கா உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொல்லுவம், சொல்லுவம். முதல்லை சோதனை பாஸ் பண்ணும்."

அது வாய்மொழிச் சோதனை. ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் அங்கே புள்ளி கிடையாது. மறுத்துப் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் வாயே திறக்காமல் வளர்ந்தவள் நான். அதனால் ஒரு கிழமையாகக் கணவரை எதிரில் இருத்தி, "அதிலை நான் உடன்படேல்லை" என்று பழகிக்கொண்டிருந்தேன். கறிக்கு உப்புக் காணாது என்றாலும் நான் உடன்படவில்லை. பாவம், மனிதர் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார்.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் மணி அடித்தது. நகரத்தின் இன்னொரு பகுதியான ட்வெய்ட்டாவிலிருந்து ஒருவர், கையில் பெட்டி. கணவர்தான் கதவைத் திறந்தார்.

"தங்கச்சி நிக்கிறாவோ?"

அவர் திரும்பி, புத்தகங்களுக்கு நடுவில் இருந்த என்னைப் பார்த்தார். காதுமடல் சிவந்துபோயிருந்தது.

"அண்ணை, அவ கொம்பியூட்டர் படிக்கேல்லை. நான்தான் அண்டைக்குப் பொய் சொன்னனான். தத்துவம் படிக்கிறா. நாளைக்குச் சோதனை."

வந்தவர் பெட்டியை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"ஆர்ட்ஸோ?"

"ஓம்."

"என்ரை மூத்தவளும் அதுதான் படிக்கப்போறன் எண்டு நிக்கிறாள். வீட்டிலை ஒரே சண்டை. உந்த ஆர்ட்ஸைப் படிச்சு என்னத்தைக் காணுறது?"

நான் எழும்பினேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அதிலை நான் உடன்படேல்லை, அண்ணை. படிக்க விடுங்கோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன். பிறகு பெட்டியையும் திறந்து தூசு தட்டிக் கொடுத்தேன், அது வேலை செய்தது.

மறுநாள் நான் பாஸ். அவர் முதல் நாளே பாஸ்.