கூரையைத் தாங்கிய கை

"கிளட்ச்ச மெதுவா விடுங்க. சுடுபாத்திரமா அது, தொட்டதும் காலை எடுக்கிறீங்க?"

இதைச் சொல்லும்போது டிரைவிங் ஸ்கூல் அக்காவின் ஒரு கால் தம் பக்கத்துப் பிரேக்கின் மேல் இருக்கிறது. ஒரு கை மேலே போய், உள்ளங்கையை விரித்து, காரின் கூரைத் துணியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கடைவாயில் ஒரு கிராம்பு. பழகுகிறவர் கியரைத் தப்பாகப் போட்டால் கிராம்பு 'நறுக்'கென்று கடிபடும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் கியரைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கூரைத் துணி பசை விட்டுத் தொங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. முதலில் சின்னத் தொப்பையாகத்தான் இருந்தது. பிறகு நடுவயதுக்காரர் தொப்பைபோல் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் வளர்ந்தது. அக்கா குண்டூசி குத்திப் பார்த்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஊசிகள் மாணவர்களின் சட்டைக் காலருக்குள் விழுந்தன. டேப் ஒட்டினார், வெயிலில் உரிந்தது. கடைசியில் கைதான் நிலைத்தது. "மாத்திடலாமே அக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "எஞ்சின் என்ன கூரையிலயா இருக்கு? ரோட்டைப் பாருங்க."

வயது ஐம்பத்திரண்டு. குள்ளம், சீட்டில் இரண்டு மெத்தை போட்டு உட்காருகிறார். அவரைவிடப் பத்து வயது மூத்த ஆண்கள்கூட ஸ்டியரிங்கைப் பிடித்த மறுநிமிடம் 'அக்கா' என்றுவிடுகிறார்கள். பயம் வந்தால் உறவும் தானாக வந்துவிடும் போலிருக்கிறது. சொன்ன சொல்லை அவர் வாபஸ் வாங்கி யாரும் பார்த்ததில்லை. "இவ வாயில மட்டும் ரிவர்ஸ் கியரே வைக்கல" என்பது அவருடைய கணவரின் வாக்குமூலம்.

இப்படிப்பட்டவரிடம் லைப்ரரி அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது, கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசுவது காதில் விழ வேண்டுமானால் எஞ்சினை அணைக்க வேண்டும். அவருடைய கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மாதம் ஒருமுறை ஊரின் அந்தக் கோடியிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவர் ஓட்டிய கார் வீட்டில் உறை போர்த்தி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிப்போகிறார். "நல்ல மனுஷன்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் சாவியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடறாரு பாருங்க. அதைக் கேட்க முடியல" என்றார் லைப்ரரி அம்மா.

இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றார். இரண்டு முடிவுத் தாளிலும் அதே காரணம்: பின்பக்கம் காட்டும் நடுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மூன்றாவதும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை மூச்சு கேட்க வேண்டுமோ.

அக்கா விடவில்லை. "என்கூட ஓட்டும்போது ஒழுங்காப் பாக்கிறீங்க. ஆபீசர் உக்காந்தா கண்ணு எங்க போகுது? அவரு மூஞ்சியிலயா?" லைப்ரரி அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. ஆளில்லாத மைதானத்தில் காரை நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கினார். பின்னால் முப்பது அடி தள்ளி நின்று கையை உயர்த்தினார்.

"கண்ணாடியில மட்டும் பாருங்க. எத்தனை விரல்?"

பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

"உங்களத்தான். எத்தனை விரல்?"

"மூணா?" என்று ஈனஸ்வரத்தில் வந்தது. அக்கா காட்டியது ஒரு விரல்.

கிராம்பைக் கடித்து நொறுக்கிக்கொண்டு அக்கா வந்தார். கதவைத் திறந்து, லைப்ரரி அம்மாவை இறங்கச் சொல்லி, தாமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி நிறைய அழுக்குச் சாம்பல் நிறத்தில் துணி தெரிந்தது. மைதானமும் இல்லை, மரமும் இல்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது. தாங்கிப் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

தேர்வு நாளில் அந்த சீட்டில் ஆபீசர்தானே உட்காருவார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் ஏன் கூரையைப் பிடிக்கப் போகிறார்? அக்கா ஓட்டும்போது இரண்டு பக்கக் கண்ணாடியிலேயே காலம் தள்ளுகிறவர். நடுக் கண்ணாடியை அவர் நிமிர்ந்து பார்த்தே நாளாகிவிட்டது.

"ஏன் சொல்லல?"

"நீங்க உள்ள இருக்கிறப்போ நல்லாத்தான் தெரியுது. நீங்க இறங்கினாத்தான்..." லைப்ரரி அம்மா மென்று விழுங்கினார். "உங்க வண்டியைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு பாத்தேன்."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இதே காரணத்தால் தோற்ற நர்ஸ், பேக்கரிக்காரர், இரட்டைக் குழந்தைகளின் அப்பா என்று ஒவ்வொரு முகமாக வந்து நின்றது. ஒருவரையும் விடாமல் திட்டியிருக்கிறார். 'மன்னிச்சிடுங்க' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார். "ஏறுங்க, போலாம்" என்றுதான் வெளியே வந்தது. அன்றைக்குக் காரை அவரே ஓட்டிக்கொண்டு போனார். வழி முழுக்கத் தம்மைத் தாமே வைதுகொண்டார்.

வழியில் இருவரும் இறங்கிய சீட் கவர் கடையில், கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பதினைந்து நாள் ஆகும் என்றார். அக்கா அவரிடமே நுரை ஒட்டிய கூரைத் துணியும் இரண்டு டப்பா ஸ்பிரே பசையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை வாசலில் லைப்ரரி அம்மா நின்றார். "துணி ஒட்டியிருக்கிற அந்த அட்டையை ஒருத்தரா எடுத்தா மடங்கிடுமாம். நேத்து கடைக்காரர் சொன்னாரே. அதான் வந்தேன்."

வெயில் மறைப்புகள், உள்விளக்கு, கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடிகள் எல்லாம் கழன்றன. முன் சீட்டுகளைச் சாய்த்து, கூரை அட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, டிக்கிக் கதவு வழியாகப் பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் வெளியே எடுத்தார்கள். பழைய துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதன் கீழே இருந்த நுரை மக்கிப்போய் ஆரஞ்சுப் பொடியாக அட்டை முழுக்க அப்பியிருந்தது. அக்கா மேலாகத் தட்டிவிட்டு ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினார்.

"பொறுங்க" என்றார் லைப்ரரி அம்மா. "பொடி மேல பசை அடிச்சா பொடியிலதான் ஒட்டும். அட்டையில ஒட்டாது."

முப்பது வருடம் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்ட கை அது. பிரஷ் கேட்டு வாங்கி முக்கால் மணி நேரம் தேய்த்தார். அக்கா தும்மிக்கொண்டே பார்த்தார். பிறகு லைப்ரரி அம்மா துணியை விரித்து, பாதியை மடித்துவிட்டு, ஒரு பாதிக்கு மட்டும் பசை அடிக்கச் சொன்னார். அடித்ததும் அக்கா ஒட்டப் போனார்.

"அவசரப்படாதீங்க. விரல்ல தொட்டா பசை இழுக்கணும், ஈரம் ஒட்டக் கூடாது. அப்பறம் நடுவுல இருந்து ஓரத்துக்குத் தடவுங்க. அழுத்தாதீங்க, சப்பாத்தியா தேய்க்கறீங்க? மெதுவா."

அக்காவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அவர் சொன்னபடியே மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் ஒரு கொப்புளம் நின்றது. லைப்ரரி அம்மா அவர் கையை நகர்த்திவிட்டு, அந்த இடத்தை உரித்து மறுபடி ஒட்டினார். சாயங்காலம் அட்டை கூரைக்குப் போனது. வெளிர் நீலம், கடையில் இருந்தது அந்த ஒரு நிறம்தான். அக்கா அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் காருக்குள்ளேயே இருந்தார். பிறகு இறங்கிப் போய் நர்சுக்கும் பேக்கரிக்காரருக்கும் இரட்டைக் குழந்தைகளின் அப்பாவுக்கும் போன் போட்டார். "வண்டியிலதான் கோளாறு. மறுபடி வாங்க" என்றார். 'மன்னிச்சிடுங்க' மட்டும் அப்போதும் வரவில்லை.

தேர்வு நாளில் அக்கா சுவரோரமாக நின்றார். ஆபீசர் ஏறி, வழக்கம்போல் கழுத்தைச் சாய்க்கப் போய், தேவையில்லை என்று தெரிந்து நேராக உட்கார்ந்தார். கார் ஒரு வட்டம் போட்டது, மேட்டில் நின்று கிளம்பியது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் போக வேண்டிய இடத்துக்கு வந்தது. அக்காவின் கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. கார் பின்னால் வந்தது, ஒரு கணம் நின்றது, மீண்டும் வந்து கம்பங்களுக்கு நடுவே அளந்து வைத்ததுபோல் நின்றது.

லைப்ரரி அம்மா 'பாஸ்' என்று எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருந்தது. வழக்கப்படி சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே ஓட்டுங்க" என்றார் அக்கா.

லைப்ரரி அம்மா ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அக்கா முன்கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினார்.

"அக்கா, அங்க பிரேக் இல்லையே."

அக்கா கதவைச் சாத்தினார். ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.