இரண்டாம் கேட்டில் ஓர் ஆவரேஜ்

“மேடம், ஒரே ஒரு கையெழுத்து. மத்த நாலு பேரும் போட்டாச்சு.”

செவ்வாய்க்கிழமை காலை, எட்டரை மணி. சென்னையிலிருந்து வந்த மென்பொருள் விற்பனை மேனேஜர் ஃபாரத்தை நீட்டினார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன்...

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டி எங்கே என்ற விவரமெல்லாம் பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில்தான். அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால், அதன் நெட்வொர்க் எந்த நிமிடம், எந்த கேட்டில் மந்தமானது என்று குறித்துவைக்கும் மென்பொருளை, தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்டது. இனி விற்பனையும் இல்லை, சர்வீஸும் இல்லை. அதற்குப் பதிலாக இந்த மேனேஜர் விற்க வந்ததுதான் இந்தப் புதுசு; அதை வாங்க எங்கள் அதிகாரிகள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். பழையது தினமும் காலையில் இரண்டாம் கேட்டுக்குச் சிவப்பு காட்டியது. புதியது? நாள் முழுக்கப் பச்சை!

“ஆவரேஜ் எடுக்குது மேடம். எல்லா டெர்மினலும் சேர்த்து, நாள் முழுக்கப் பார்த்தா, பதில் வர ஒரு செகண்டுகூட ஆகலை” என்றார் மேனேஜர்.

பேனாவை மூடினேன். “வாங்க, கேட்டுக்குப் போவோம்.”

அங்கே லாரி வரிசை. முதல் லாரியில் இறால் கன்டெய்னர். டிரைவர் அண்ணாச்சி கீழே இறங்கி, கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

“எவ்வளவு நேரமா நிக்கீங்க அண்ணாச்சி?”

“அரை மணி நேரமாச்சு மேடம். நம்பர் அடிச்சாச்சு, கேட் பாஸ் வர மாட்டேங்கு. பத்து மணிக்குள்ள பெட்டி உள்ள போவலேன்னா கப்பல்ல ஏத்த மாட்டாவ. கம்பெனில என்னையத்தான் ஏசுவாவ, டீ குடிச்சிட்டு மெதுவா வாரான்னு.”

மேனேஜர் டேப்லட்டைக் காட்டினார். “இல்லண்ணா, சிஸ்டம் ஃபாஸ்ட்டாத்தான் இருக்கு. ஆவரேஜா ஒரு செகண்டுக்குள்ள பாஸ் வருது, பாருங்க.”

அண்ணாச்சி அந்தப் பச்சையைப் பார்த்தார். லாரிக்கு முன்னால் இறங்கியிருந்த தடுப்புக் கம்பியைப் பார்த்தார்.

“அப்பம் ஆவரேஜா நான் உள்ள போயிட்டேங்கியளா தம்பி?”

பாஸ் ஒன்பதே காலுக்குத்தான் வந்தது. பழைய மென்பொருளிலிருந்து அன்றைய ரிப்போர்ட்டை அச்செடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். ‘தாமதம் எங்கள் நெட்வொர்க்கால்’ என்று இத்தனை வருடமாக டிரைவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். இனி மெஷின் தூங்கும்... மனிதன் சோம்பேறிப் பட்டம் வாங்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

யோசித்துப் பாருங்கள் — பஸ் சராசரியாக நேரத்துக்கு வருகிறதாம். குழாயில் சராசரியாகத் தினமும் தண்ணீர் வருகிறதாம். யாரைக் கேட்டுச் சொல்கிறார்கள்? குடத்தோடு நிற்கிறவர்களைக் கேட்டா?

ஃபாரத்தில் மற்ற நால்வரின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: ‘கேட் வாரியாக, நிமிட வாரியாகக் காட்டட்டும். அதுவரை கையெழுத்து இல்லை.’

மதியமே எங்கள் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். “பழசு இந்த மாசத்தோட நின்னுடும். அஞ்சு பேர்ல நாலு பேர் போட்டாச்சு. உங்களுக்கு மட்டும் ஏம்மா இந்தப் பிடிவாதம்?”

“ஆவரேஜா பார்த்தா நானும் போட்டாச்சு சார். போதும்னா அதையே வச்சுக்கிடுங்க!”