பலகையில் எழுதிய துக்கம்

வடசொல்லைக் கூடுமானவரை விலக்கியே எழுதி வந்தவன் நான். கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த நாள்களிலும், ஓய்வுபெற்ற பின் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் திண்டுக்கல் வீட்டு முன்னறையில் புத்தரின் அறவுரைகளை நண்பர் சிலருக்கு விளக்கத் தொடங்கியபோதும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை. திருஷ்ணையை வேட்கை என்றேன். அநித்தியத்தை நிலையாமை என்றேன். புத்தர் உரைத்த நான்கு வாய்மைகளுள் முதலாவதுதான் என்னைத் தோற்கடித்தது. துன்பம் என்றால் அது வலியோடு நின்றுவிடுகிறது. அவர் சொன்னதோ, அச்சில் சரியாகப் பொருந்தாத சக்கரம் உருளுந்தோறும் உராய்வது போன்றது. இன்பத்தின் நடுவிலும் ஓயாதது. தேடிச் சலித்து, ஒரு சனிக்கிழமை நண்பகல் வெளிக்கதவில் தொங்கும் கரும்பலகையில் அவர் சொல்லையே எழுதினேன்: ‘இன்று மாலை ஐந்து மணி – துக்கம்.’

உள்ளறையில் என் மனைவி படுத்திருந்தாள். மதுரை மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்து வந்து சில நாள்களே ஆகியிருந்தன. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் தனியே சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. உடம்பு தேறுவதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். மருந்து கொடுப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும், அந்தப் பொய்யைக் காப்பதுமாக மிகவும் களைத்திருந்தேன்.

நான்கு மணியளவில் எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பேகம்பூரில் தோல் வணிகம் செய்யும் என் நெடுநாள் நண்பர். இருவரும் பேசவில்லை. துக்க வீட்டில் ‘வாருங்கள்’ என்று அழைப்பதுமில்லை, ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறுவதுமில்லை. நண்பர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

“அஞ்சு மணிக்கு எடுக்கிறதாப் பலகையில போட்டிருக்குன்னு கடைப் பையன் வந்து சொன்னான் வாத்தியாரய்யா! அதேன் கடையச் சாத்திட்டு ஓடியாந்தேன். ஒரு போன் போடக்கூடாதா?”

எனக்கு விளங்குவதற்குள் எதிர்வீட்டு அம்மாள், “அக்கா, போயிட்டியே!” என்று குரலெடுத்துவிட்டார்.

உள்ளிருந்து மறுமொழி வந்தது. “நான் எங்கடி போனேன்? இங்கனதேன் கெடக்கேன். அழுகையக் கொஞ்சம் மிச்சம் வையி.”

அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் பலகைக்கு உரை சொல்லலானேன்: துக்கம் உண்டு, வேட்கை அதன் வேர், வேர் அறுந்தால் அதுவும் அறும், அறுக்கும் நெறி எட்டு உறுப்புடையது.

நண்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “யா அல்லா! பாடத்துக்கு வைக்க வேற பேரே கெடைக்கலையா ஒங்களுக்கு?”

பிறகு இருவரும் கூச்சத்தோடு ஓசையின்றி வாசலை நோக்கி நழுவினார்கள்.

“பாய், சொல்லாமப் போறீகளே! வாரேன்னு சொல்லிட்டுப் போங்க. இது எழவு வீடு இல்ல,” என்றாள் உள்ளிருந்தவள்.

“வாரேம்மா, வாரேன்,” என்றார் நண்பர். எதிர்வீட்டு அம்மாளும் சொன்னார்.

நான் அவள் அருகே போனேன். அவள் முகத்தில் சிரிப்பு தீர்ந்திருந்தது.

“இம்புட்டு வெரசா நம்பிட்டாகளே. எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டுத்தேன் இருக்காகளோ? டாக்டர் ஒங்ககிட்ட என்னங்க சொன்னாரு?”

நல்ல மருத்துவன்போல் புத்தர் நோயின் பெயரை முதலில் சொன்னார், அதன் பிறகே மருந்தைச் சொன்னார் என்று முன்னறையில் எத்தனையோ முறை பேசியிருப்பேன். பிணியும் சாக்காடும், அன்புக்குரியோரைப் பிரிதலும் முதல் வாய்மையில் அடங்கும் என்று விளக்கியிருப்பேன். உள்ளறைக்கு அந்தச் சொற்களில் ஒன்றையும் நான் எடுத்து வந்ததில்லை. இனி எதையும் காக்க உடம்பில் வலுவில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்த நேரம் பக்கத்துல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. பாடம் கேட்க நண்பர்கள் வரும் நேரம் நெருங்கியது.

“பலகைய அழிச்சிட்டு, இன்னிக்குப் பாடமில்லன்னு அவுககிட்டச் சொல்லிட்டு வாரேன்,” என்று எழுந்தேன்.

“வாங்க,” என்றாள். “வேற எதையும் எழுதிப்புடாதீக.”